ஆயிரத்து நூற்று நாற்பத்தெட்டாம் வரிசை

அந்த ஆராய்ச்சிக் கூடத்தில் ஆசிரியருக்கு வயது முப்பத்தொன்பது. சீடருக்கு ஐம்பத்து மூன்று.

ஆசிரியர் பெயர் தமயந்தி. மதுரையில் ஒரு கல்லூரியின் இரண்டாம் மாடியில் மூன்று அறைகளும் ஒரு கரும்பலகையும் அவருடைய ராஜ்ஜியம். மனிதர்களை மேல் கீழாக அடுக்கிவைக்கும் பழக்கம் கம்ப்யூட்டருக்குள் எப்படிப் போய் உட்கார்ந்துகொள்கிறது என்பதுதான் அங்கே ஆராய்ச்சி. வேறு தேசங்களில் நிறத்தையும் இனத்தையும் வைத்து இதே கேள்வியைக் கேட்கிறவர்கள் வாரம் ஒருமுறை அவரோடு பேசுவார்கள். இங்கே அவர் பார்ப்பது சாதியை.

சீடர் பெயர் சேஷாத்ரி. இருபத்தாறு வருடம் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் இருந்தவர். எதைக் கண்டாலும் உற்சாகம் பொங்கிவிடும் மனிதர். இரண்டு மாடியையும் ஓடித்தான் ஏறுவார்.

அவர் முதல்முறை அங்கே ஓடி ஏறியது சண்டை போட.

விஷயம் இதுதான். தென் மாவட்டங்களில் ஓர் அறக்கட்டளை ஆண்டுக்கு முந்நூறு பேரைத் தேர்ந்தெடுத்து, ரத்தப் பரிசோதனைக் கூட வேலைக்கு இலவசமாகப் பயிற்சி கொடுத்து, முப்பத்தொரு மருத்துவமனைகளுக்கு அனுப்பிவைக்கிறது. விண்ணப்பிப்பவர்கள் ஆறாயிரம் பேர். முன்பு யார் நிலைத்தார், யார் விலகினார் என்பதிலிருந்து தானே கற்றுக்கொண்டு, வேலையில் சேர்ந்தபின் யார் இரண்டு வருடமாவது நிலைத்து இருப்பார் என்று கணித்து, ஒவ்வொருவருக்கும் மார்க் போட ஒரு புரோகிராம் இருந்தது. அதை எழுதியவர் சேஷாத்ரி. அதில் பெயர் கிடையாது, ஊர் கிடையாது, சாதி கிடையாது. மேடை கிடைத்தபோதெல்லாம் அதைப் பெருமையாகச் சொல்வார்.

தமயந்தி அந்த புரோகிராமைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். முதல் வருடம் தேர்வானவர்களில் ஐந்தில் ஒருவர் காலனிப் பிள்ளை. ஒன்பதாம் வருடம் முப்பதில் ஒருவர்.

சேஷாத்ரி கட்டுரையைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார்.

"சாதின்னு ஒரு எழுத்துகூட நான் எழுதலை மேடம். அப்புறம் அது எப்படி உள்ளே வந்தது?"

தமயந்தி எழுந்தார். அலமாரியிலிருந்து இருபது விண்ணப்பங்களை எடுத்துக் கொடுத்தார். பெயரும் ஊரும் கத்தரிக்கப்பட்டிருந்தன.

"இதுல யார் காலனி, யார் ஊருக்குள்ளேன்னு குறிச்சுக் கொடுங்க."

"எனக்கு அதெல்லாம் தெரியாது. நான் அப்படிப் பாக்குறவன் இல்லை."

"சும்மா அஞ்சு நிமிஷம் சார்."

சேஷாத்ரி உட்கார்ந்தார். அப்பா வேலை, அம்மா கையெழுத்தா கைநாட்டா, படித்த பள்ளி, வீட்டிலிருந்து பஸ் நிறுத்தம் எத்தனை தூரம். பேனா தானாக ஓடியது. நான்கு நிமிடத்தில் முடித்துவிட்டார்.

தமயந்தி அசல் தாள்களை எடுத்து ஒப்பிட்டார். பதினெட்டு சரி.

"யாரு சார் உங்களுக்குச் சொல்லிக் கொடுத்தா?"

"யாரும் சொல்லிக் கொடுக்கலையே!"

"கம்ப்யூட்டருக்கும் யாரும் சொல்லிக் கொடுக்கலை."

சேஷாத்ரி எழுந்து போனார். பாதிப் படி இறங்கியவர் திரும்பி ஓடி ஏறினார்.

"உங்ககிட்ட படிக்க வரணும்னா என்ன செய்யணும்?"

நான்காம் மாதம் வேலையை விட்டுவிட்டு வந்து சேர்ந்தார். அவர் 'மேடம்' என்பார். ஆசிரியர் 'சார்' என்பார். இரண்டையும் இருவரும் மாற்றிக்கொள்ளவில்லை.

*

அடுத்த ஆண்டு விண்ணப்பங்கள் வந்து குவிந்தபோது அறக்கட்டளைச் செயலாளர் ஞானசிகாமணி அவர்களைத் தேடி வந்தார். நல்ல மனிதர். எப்போதும் எதற்கோ நேரமாகிவிட்டது போல வாட்சைப் பார்ப்பவர்.

"இருபதாம் தேதி தேர்வுப் பட்டியல் போட்டாகணும். அதுக்குள்ள பழசைவிட நல்லதா ஒண்ணு கொடுத்தீங்கன்னா மாத்திக்கிறேன். இல்லைன்னா பழசுதான்."

ஒன்பது வருடத் தரவையும் கொடுத்தார். பயிற்சியில் சேர்ந்தபின் உதவித்தொகைக்காக வாங்கிய சாதிச் சான்றிதழ் விவரமும் தனியே வந்தது. பெயர்கள் இல்லை. ஆளுக்கு ஒரு வரிசை எண். மொத்தம் இரண்டாயிரத்து எழுநூறு வரிசைகள்.

எட்டாம் தேதி, வெள்ளிக்கிழமை. காலை ஒன்பது மணிக்கே சேஷாத்ரி மூச்சிரைக்க வந்து நின்றார்.

"மேடம், கிடைச்சிருச்சு!"

"உக்காருங்க சார்."

"உக்கார முடியாது, இதைப் பாருங்க!" மடிக்கணினியைத் திறந்து மேஜைமேல் வைத்தார். இரண்டு கோடுகள் ஒன்றின்மேல் ஒன்று படிந்து கிடந்தன. "காலனி விண்ணப்பத்துக்கெல்லாம் பன்னிரண்டு மார்க் கூட்டிட்டேன். ரெண்டு பக்கமும் ஒரே விகிதம் வந்துருச்சு. எவ்வளவு சுலபம்!"

தமயந்தி கோடுகளைப் பார்த்தார்.

"இந்தப் பன்னிரண்டு எதுக்கு?"

"அவங்க வேலையை விட்டுப் போற வாய்ப்பு அதிகம். அதை ஈடுகட்டத்தான்."

"அப்போ அவங்க விட்டுப் போவாங்கன்னு நீங்களும் நம்புறீங்க."

"நான் எங்கே நம்பினேன்? தரவு சொல்லுது மேடம். முந்நூத்திப் பன்னிரண்டு பேர்ல நூத்திநாலு பேர் விலகியிருக்காங்க. மூணுல ஒருத்தர்."

"அதுல யாராவது ஒருத்தரை எடுங்க."

சேஷாத்ரி திரையை உருட்டி, விரல் நின்ற இடத்தில் நிறுத்தினார்.

"ஆயிரத்து நூத்தி நாப்பத்தெட்டாம் வரிசை. பெண். விலகியவர்."

"ஏன் விலகினாங்க?"

"சொந்தக் காரணம்."

"அடுத்தது?"

"சொந்தக் காரணம்."

"அதுக்கு அடுத்தது?"

சேஷாத்ரி உருட்டிக்கொண்டே போனார். வேகம் குறைந்துகொண்டே வந்தது. நூற்று நான்கு பேருக்கும் அந்தக் கட்டத்தில் ஒரே இரண்டு சொற்கள்.

"இத்தனை பேருக்கும் ஒரே மாதிரி சொந்தக் காரணம் வருமா சார்?"

"அதுக்கு மேல தரவுல இல்லை மேடம்."

"இல்லையா, யாரும் கேக்கலையா?"

சேஷாத்ரி திரையை மேலே உருட்டி, முதலில் நின்ற வரிசைக்கே திரும்பினார்.

"இவங்களைக் கேட்டா என்ன?" என்றார் தமயந்தி, திரையில் அந்த எண்ணைத் தொட்டுக் காட்டி.

"யாருன்னு நமக்குத் தெரியக் கூடாதே. வெறும் எண்தான்."

"செயலாளருக்குத் தெரியும். அவர் மூலமா கேப்போம். அந்தப் பொண்ணுக்குச் சம்மதம்னா அவங்களே உங்களைக் கூப்பிடட்டும்."

"சரி, ரெண்டு பேரும் போவோம்."

"நான் வரலை."

"ஏன் மேடம்?"

"நான் வந்தா அவங்க பேசப் பேச நீங்க என் முகத்தைப் பாப்பீங்க."

*

சனிக்கிழமை மத்தியானம் போன் வந்தது. குரலில் கூச்சம் இல்லை.

"காளீஸ்வரி பேசுறேன். ஏதோ ஆராய்ச்சின்னு செயலாளர் சார் சொன்னாரு. நாளைக்கு எனக்கு முகாம் இருக்கு. பதினோரு மணிக்கு மேல வந்தீங்கன்னா பேசலாம்."

விருதுநகர் தாண்டி ஒரு சின்ன ஊர். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் குழந்தைகளுக்கு ரத்தசோகை முகாம். சேஷாத்ரி பஸ்ஸைவிட்டு இறங்கி விசாரித்துக்கொண்டு போனபோது வாசல்வரை தாய்மார்கள் நின்றிருந்தார்கள்.

உள்ளே இருபத்தாறு வயதுப் பெண் ஒருவர், வெள்ளைக் கோட்டுடன், எட்டு மாதக் குழந்தையின் பாதத்தைக் கையில் ஏந்தியிருந்தார். குழந்தை வீறிட்டது. அவர் அதன் உள்ளங்காலில் மெல்லத் தட்டிக்கொண்டே ஏதோ கதை சொன்னார். குழந்தை கதையைக் கவனிக்க வாயை மூடிய நேரத்தில் ஊசி போய், ரத்தம் எடுத்து, பஞ்சும் வைத்தாகிவிட்டது.

"அவ்வளவுதான் ராசா. முடிஞ்சு போச்சு."

சேஷாத்ரி அசந்து நின்றார். தன் தரவில் 'விலகியவர்' என்று இருந்த ஆள், கற்றுக்கொண்ட வேலையைக் கண்ணெதிரே செய்துகொண்டிருந்தார்.

கூட்டம் குறைந்ததும் காளீஸ்வரி வேப்பமரத்தடி பெஞ்சுக்கு இரண்டு டீ வரவழைத்தார்.

"என்ன தெரியணும் சார்?"

"பயிற்சி முடிச்சுச் சேர்ந்த ஆஸ்பத்திரியை ஏன் விட்டீங்க?"

காளீஸ்வரி டீயைக் கீழே வைத்தார்.

"ஆறு வருஷம் கழிச்சு இப்பத்தான் ஒருத்தர் கேக்குறீங்க."

பிறகு சொன்னார். சேர்ந்த முதல் நாள் மேற்பார்வையாளர் ஊர் பெயரைக் கேட்டார். சொன்னார். "ஊருக்குள்ளயா, வெளியவா?" என்று கேட்டார். அதையும் சொன்னார். அன்று கண்ணாடிக் குப்பிகளைக் கழுவ அனுப்பினார்கள். மறுநாளும் அதே. கூடச் சேர்ந்த மற்றவர்கள் வார்டுக்குப் போய் ரத்தம் எடுத்தார்கள். இவர் பதினோரு மாதம் குப்பி கழுவினார்.

"கேட்டுப் பாக்கலையா?"

"கேட்டேன். நோயாளிங்க ஒத்துக்க மாட்டாங்கம்மா, உனக்கு எதுக்குச் சங்கடம்னாங்க. நல்லவிதமாத்தான் சொன்னாங்க. அதைத்தான் தாங்க முடியலை."

"அப்புறம்?"

"எழுதிக் கொடுத்துட்டு வந்துட்டேன்."

"சொந்தக் காரணம்னு."

"நான் எங்கே சார் எழுதினேன்? அச்சடிச்ச தாளே வச்சிருந்தாங்க. சொந்தக் காரணம்னு அதுலயே இருக்கும். கையெழுத்து மட்டும்தான் என்னது."

சேஷாத்ரியின் டீயில் ஆடை படிந்துகொண்டிருந்தது.

"உங்களை மாதிரிப் போன எல்லாருக்கும் இதே கதைதானா?"

"அது எப்படி? என்கூடப் படிச்ச பவுனுத்தாயி தேனிப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனா. இன்னிக்கு அங்க அவதான் லேப் பொறுப்பு. எங்க தெருதான் அவளும். ஆளைப் பாக்காதீங்க சார், எந்த ஆஸ்பத்திரின்னு பாருங்க. நான் இருந்த இடத்துல எங்க ஆளுக ஒருத்தர்கூட ஒரு வருஷம் தாண்டலை."

சேஷாத்ரி விருட்டென்று எழுந்தார். டீ கவிழ்ந்தது.

"என்னாச்சு சார்?"

"ஆஸ்பத்திரி! ஆஸ்பத்திரி வாரியா நான் பாக்கவே இல்லையே! ஒன்பது வருஷம்!"

மரத்தைச் சுற்றி ஒரு நடை நடந்தார். தாய்மார்கள் பார்த்தார்கள். காளீஸ்வரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"உக்காருங்க சார். மயக்கம் போட்டீங்கன்னா உங்களுக்கும் ரத்தம் எடுத்துப் பாக்கணும்."

அவர் உட்காரவில்லை. நின்றபடியே தன்னைப் பற்றிய விஷயத்தைச் சொன்னார். சொல்லியாக வேண்டும் என்று தோன்றியது.

"அந்தத் தேர்வு புரோகிராமை எழுதினது நான்தான்ம்மா."

காளீஸ்வரியின் முகத்திலிருந்து சிரிப்பு போனது.

"அது என்னையப் பத்தி என்ன சொல்லுது?"

"விலகிப் போறவர்னு."

"எங்க தெருப் பிள்ளைகளை அதனாலதான் எடுக்குறதில்லையா?"

"ஆமா."

காளீஸ்வரி கவிழ்ந்த டம்ளரை எடுத்து நிமிர்த்தி வைத்தார். உள்ளே ஏதோ குழந்தை அழுதது.

"என் தங்கச்சி இந்த வருஷம் போட்டிருக்கா," என்றார். "பேரு சொல்லவா?"

"வேண்டாம்மா. தெரிஞ்சா அவளை மட்டும் பாப்பேன்."

காளீஸ்வரி தலையாட்டினார். குழந்தை அழுத பக்கம் எழுந்து போனார்.

*

திங்கட்கிழமை காலை சேஷாத்ரி யாரிடமும் பேசவில்லை. வரிசைகளை எல்லாம் கலைத்துப் போட்டார். ஆளுக்கு ஒரு வரிசை என்று இருந்ததை, மருத்துவமனைக்கு ஒரு வரிசை என்று மாற்றினார். முப்பத்தொரு வரிசைகள். பதினொன்றரை மணிக்கு அறையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. பக்கத்து வகுப்பில் பாடம் நின்றது.

தமயந்தி ஓடி வந்தார்.

"நாலு மேடம்! நாலே நாலு!"

"நிதானமா சொல்லுங்க."

"இருபத்தேழு ஆஸ்பத்திரிக்குப் போன காலனிப் பிள்ளைங்க இருநூத்தி இருபத்தாறு பேர். விலகினது இருபத்தஞ்சு. மத்த பிள்ளைங்க விலகுற அதே விகிதம், ஒரு புள்ளி வித்தியாசம் இல்லை! மீதி நாலு ஆஸ்பத்திரிக்குப் போனவங்க எண்பத்தாறு பேர். விலகினது..." திரையை இன்னொரு முறை பார்த்துக்கொண்டார். "எழுபத்தொன்பது."

தமயந்தி சாக்பீஸை எடுத்து எண்களைப் பலகையில் எழுதினார். கூட்டிப் பார்த்தார். வகுத்துப் பார்த்தார். மறுபடி வகுத்தார். பிறகு, அந்தக் கூடத்தில் யாரும் அதுவரை பார்த்திராத விதமாக, சாக்பீஸை மேலே தூக்கிப் போட்டுப் பிடித்தார்.

"நாலு ஆஸ்பத்திரியோட குணத்தை உங்க புரோகிராம் நல்லாவே கண்டுபிடிச்சிருக்கு சார்."

"கண்டுபிடிச்சு, ஆறு மாவட்டத்துப் பிள்ளைங்க தலையில கட்டியிருக்கு," என்றார் சேஷாத்ரி.

அவர் அழுகிறாரா சிரிக்கிறாரா என்று அவருக்கே தெரியவில்லை. தமயந்தி தண்ணீர் பாட்டிலை நகர்த்தி வைத்துவிட்டுப் போனார்.

*

புதன்கிழமை அறக்கட்டளை அலுவலகம். ஞானசிகாமணி முழுவதையும் கேட்டார். ஒருமுறைகூட வாட்சைப் பார்க்கவில்லை.

"அப்போ தீர்வு எளிசா போச்சே!" என்றார். முகம் மலர்ந்தது. "காலனிப் பிள்ளைங்களை அந்த நாலுக்கும் அனுப்பாம, மத்த இருபத்தேழுக்கு அனுப்பிருவோம். எல்லாரும் நிலைச்சு நிப்பாங்க. யாருக்கும் வருத்தமில்லை."

சேஷாத்ரி மனத்துக்குள் கணக்குப் போட்டார். சரியாக வந்தது. அவர் இதுவரை எழுதிய எந்த புரோகிராமையும்விடக் கணிப்பு துல்லியமாக இருக்கும். பட்டியல் தேதிக்கும் முடித்துவிடலாம். தலையாட்டத் தொடங்கினார்.

பாதியில் தமயந்தியைப் பார்த்தார். தமயந்தி ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். முகம் தெரியவில்லை.

சேஷாத்ரியின் தலை நின்றது.

"அந்த நாலும் எப்படிப்பட்ட ஆஸ்பத்திரி சார்?" என்று கேட்டார்.

"பெரிய ஆஸ்பத்திரிங்க. நல்ல கருவியெல்லாம் அங்கதான் இருக்கு. அங்க வேலை பாத்தவங்களுக்கு எங்க போனாலும் மதிப்பு."

"அதுதான் காலனிப் பிள்ளைங்களுக்குக் கிடையாதுன்னு நாமளே இப்போ எழுதப் போறோம்."

செயலாளர் பேனாவை மூடிவைக்க, சேஷாத்ரி நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார்.

"அந்த நாலுக்கும் இந்த வருஷம் யாரையுமே அனுப்ப வேண்டாம் சார்."

"யாரையுமேவா?"

"யாரையுமே. ஆஸ்பத்திரிங்களுக்கு மார்க் போடுவோம். வந்த பிள்ளைங்க எல்லாரையும் ஒரே மாதிரி வச்சிருக்காங்களா, ஊசி பிடிக்க விடுறாங்களா, நிலைச்சு நிக்கிறாங்களா, எல்லாத்துக்கும். அறுபதுக்குக் கீழே வந்தா ஆள் கிடையாது. இப்போதைக்கு அந்த நாலுக்கும் நூத்துக்கு எட்டுதான் வருது."

ஞானசிகாமணி நாற்காலியில் பின்னால் சாய்ந்தார்.

"சேஷாத்ரி சார், என்ன பேசுறீங்க? ஆஸ்பத்திரிக்கு மார்க் போடுறதா? யாரு ஒத்துக்குவா?"

"பிள்ளைங்க ஒன்பது வருஷமா ஒத்துக்கிட்டாங்க சார். நான் போட்ட மார்க்கை."

செயலாளர் இரண்டு கைகளாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"சரி, பிள்ளைங்களை எதை வச்சு எடுக்குறது?"

"வேலை கத்துக்கத் தேவையான படிப்பு இருக்கான்னு மட்டும் விண்ணப்பத்துல பாப்போம். இருக்கிற எல்லாருக்கும் குலுக்கல். யாரு நிலைப்பா, யாரு நிலைக்க மாட்டான்னு பிள்ளைங்களைப் பாத்து இனிமே கணிக்க வேண்டாம்."

"ஒரு வருஷம்," என்றார் ஞானசிகாமணி. "ஒரு வருஷம் பாக்குறேன். அந்த நாலு பேரும் என்னைக் கிழிக்கப் போறாங்க."

கிழித்தார்கள். இரண்டு மருத்துவமனைகள் கோபமாகக் கடிதம் எழுதின. மூன்றாவது பதிலே போடவில்லை. நான்காவதிலிருந்து தலைமை மருத்துவரே நேரில் வந்தார். கதவைச் சாத்திக்கொண்டு, மார்க் தாளை விரித்துவைத்து, "எட்டை அறுபதாக்க நாங்க முதல்ல என்ன செய்யணும்?" என்று கேட்டார். ஞானசிகாமணி அதை போனில் சொன்னபோது சேஷாத்ரி கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஓடினார்.

இருபதாம் தேதி பட்டியல் வந்தது. முந்நூறில் அறுபத்தொருவர் காலனிப் பிள்ளைகள்.

அன்று மாலை காளீஸ்வரி போன் செய்தார்.

"தங்கச்சிக்கு விழலை சார்."

சேஷாத்ரி உட்கார்ந்துவிட்டார்.

"வருத்தப்படாதீங்க. அவ சிரிக்கிறா. 'மார்க் பத்தலைன்னு சொல்லலைக்கா, சீட்டு விழலைன்னுதானே சொன்னாங்க'ங்கிறா. அடுத்த வருஷம் போடுவாளாம். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு விழுந்திருக்கு. தெருவே கூடி நிக்குது."

பின்னால் பட்டாசுச் சத்தம் கேட்டது.

*

இரண்டு மாதம் சேஷாத்ரி கட்டுரை எழுதினார். சாப்பிடும்போதுகூட எழுதினார். வெளிநாட்டுக்காரர்கள் வாரந்தோறும், "எப்போது வரும்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அவர்கள் ஊரிலும் இப்படி வரிசையைத் திருப்பிப்போட்டுப் பார்க்க வேண்டிய இடங்கள் நிறைய இருக்கின்றனவாம்.

எழுதி முடித்த அன்று தாள்களை ஆசிரியரின் மேஜைமேல் வைத்தார்.

"யாரு பேரை முதல்ல போடுறது மேடம்?"

"கண்டுபிடிச்சவங்க பேரை."

சேஷாத்ரி கூச்சத்தோடு சிரித்தார். "அதைத்தான் எப்படிக் கேக்குறதுன்னு..."

"ஆஸ்பத்திரி வாரியா பாக்கணும்னு உங்களுக்கு எப்போ தோணுச்சு சார்?"

"அன்னிக்குத்தான். வேப்பமரத்தடியில. காளீஸ்வரி சொன்னாங்க பாருங்க, ஆளைப் பாக்காதீங்க, எந்த ஆஸ்பத்திரின்னு..."

நின்றுவிட்டார்.

தமயந்தி கட்டுரையின் கடைசிப் பக்கத்தைப் புரட்டினார். நன்றி சொல்லும் இடத்தில், 'முன்னாள் பயிற்சியாளர் ஒருவருக்கு' என்று இருந்தது.

"அவங்க ஆராய்ச்சியாளர் இல்லையே மேடம்," என்றார் சேஷாத்ரி மெதுவாக. "நடந்ததைச் சொன்னாங்க. அதை வச்சு ஆராய்ஞ்சது நாமதானே. வெளியில யாரும் ஒத்துக்க மாட்டாங்க. அவங்களுக்குத்தான் சங்கடம்."

"அந்த ஆஸ்பத்திரியிலயும் இப்படி நல்லவிதமாத்தான் சொல்லியிருப்பாங்க."

சேஷாத்ரி அந்த நன்றி வரியை இன்னொரு முறை படித்தார். பிறகு தாள்களை எடுத்துக்கொண்டு தன் இடத்துக்குப் போனார். முதல் பக்கத்தில் பெயர்களை அடித்தார். திரும்ப எழுதினார். ஆங்கிலத்தில் இருந்த கட்டுரை முழுவதையும் நான்கு நாள் உட்கார்ந்து தமிழில் எழுதினார். எழுதியதைக் காளீஸ்வரிக்கு அனுப்பினார்.

ஒரு வாரம் பதில் இல்லை. சேஷாத்ரி நகத்தைக் கடித்தார். எட்டாம் நாள், தமயந்தி பாடம் முடித்து வந்து உட்கார்ந்த நேரத்தில் போன் அடித்தது.

"படிச்சிட்டேன் சார். பஸ்ல போகவர ரெண்டு தடவை படிச்சேன். என் பேரு முதல்ல இருக்கு!"

"இருக்கணும்ல?"

"எங்க டாக்டரம்மாகிட்ட காட்டினேன். அவங்க என்னைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டாங்க." மூச்சு வாங்கியது. "ஆனா ஒரு தப்பு இருக்கு சார்."

சேஷாத்ரி பேனாவை எடுத்தார். "எந்த எண்?"

"எண்ணெல்லாம் சரியாத்தான் இருக்கு. 'விலகியவர்', 'விலகியவர்'னு நாப்பத்தோரு இடத்துல எழுதியிருக்கீங்க. எண்ணிட்டேன். நான் விலகலை சார். வேலை எங்க கொடுத்தாங்களோ அங்க வந்து பாத்துக்கிட்டிருக்கேன். எழுபத்தொன்பது பேர்ல பாதிக்கு மேல இந்த வேலையிலதான் இருக்காங்க, பவுனுத்தாயிகிட்ட கணக்கு இருக்கு. அந்தச் சொல்லை எடுத்துருங்க."

"அப்போ என்னன்னு எழுதறது?"

"ராத்திரி யோசிச்சுச் சொல்றேன். இப்போ ஆளுங்க நிக்கிறாங்க."

போன் வைக்கப்பட்டது. சேஷாத்ரி தமயந்தி பக்கம் திரும்பினார். முகத்தில் பதற்றமும் பரவசமும் ஒன்றாக இருந்தன.

"மேடம், இந்தத் துறையே அந்தச் சொல்லைத்தான் புழங்குது. எந்த நாட்டு ஆராய்ச்சியை எடுத்தாலும் அதுதான். மாத்தினா நம்ம தலைப்பு மாறும், அட்டவணை மாறும், பாதிக் கட்டுரையைத் திரும்ப எழுதணும். இருபது வருஷமா எல்லாரும் எழுதுற சொல்லு மேடம். என்ன செய்யறது?"

தமயந்தி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"முதல் ஆசிரியர் சொன்னா மாத்தித்தான் ஆகணும் சார்," என்றார்.